தரகு மட்டுமே கூலியாகுமா? சிறு வணிகர்கள் சிந்திக்க வேண்டிய ஒரு கணக்கு

கொழும்பிலிருந்து அவிசாவளை, எஹெலியகொட ஊடாக இரத்தினபுரி நோக்கிச் செல்லும் ஏ4 வீதியில் அமைந்துள்ள குருவிட்ட, மாணிக்கக் குழிகளும் இறப்பர், தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த ஒரு சிறு நகரம். சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்கள் ஒருவர் கடையில் மற்றவர் கொள்வனவு செய்தும், ஒருவர் பொருளை மற்றவர் விற்றுக் கொடுத்தும் வாழும் ஊர் அது. இத்தகைய சிறு நகரங்களின் பஸ் தரிப்பிடங்களிலும் கடைச் சுவர்களிலும் ஒரே வகையான அறிவித்தல் ஒன்றை நாம் அடிக்கடி காண்கின்றோம். விற்பனைப் பிரதிநிதிகள் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை, வருமானம் திறமைக்கேற்ப என்பதே அதன் சாரம். திறமைக்கேற்ப என்ற அழகிய சொல்லின் பொருள், நிலையான சம்பளம் எதுவும் இல்லை, விற்றால் மாத்திரமே பணம் என்பதாகும்.

இவ்வறிவித்தலை ஒட்டுபவர்கள் பெரும் கம்பனிகள் அல்லர். வீட்டின் பின்புறத்தில் மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்பவர், தேயிலைத்தூள் பக்கற் போடுபவர், தையல் இயந்திரம் நான்கைந்தை வைத்து ஆடை தைப்பவர் போன்ற சிறு முயற்சியாளர்களே அவர்களுள் பலர். அதைப் பார்த்து வருபவர்களும் பெரும்பாலும் தோட்ட லயன்களிலிருந்தும் நகரத்து ஏழைக் குடும்பங்களிலிருந்தும் க.பொ.த. சாதாரண தரம் அல்லது உயர்தரம் எழுதிவிட்டுத் தொழில் தேடும் இளைஞர், யுவதிகளே. ஆகவே இது முதலாளி வர்க்கத்துக்கும் தொழிலாளி வர்க்கத்துக்கும் இடையிலான பிரச்சினை என்று எளிதாகக் கூறிவிட்டு ஒதுங்க முடியாது. இரு தரப்பினரும் எம்மவரே. இரு தரப்பினரும் முதல் குறைந்தவரே. அவ்வாறாயின் தரகு மட்டுமே கூலியாக அமையும் இம்முறை நியாயமானதா, சட்டத்துக்கு உடன்பாடானதா, எல்லாவற்றுக்கும் மேலாக அது வணிகருக்கு உண்மையிலேயே இலாபகரமானதா என்பதை ஆராய்வது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

முதலில் வணிகர் தரப்பு நியாயத்தைக் கேட்போம். கையிலிருப்பது சிறு முதல். வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மூலப்பொருள் விலையும் மின்கட்டணமும் போக்குவரத்துச் செலவும் ஏறியதில் பல சிறு தொழில்கள் நிலைகுலைந்தன. இந்நிலையில் பொருள் விற்குமோ விற்காதோ என்று தெரியாமல் மாதந்தோறும் சம்பளம் கொடுப்பதாக எவ்வாறு உறுதியளிப்பது? விற்பவருக்கு விற்றதில் ஒரு பங்கு கொடுத்தால் அவரும் ஊக்கத்துடன் உழைப்பார், எமக்கும் நட்டமில்லை என்று அவர் எண்ணுகின்றார். இதை வஞ்சகம் என்று கூறிவிட முடியாது. ஆனால், 'எமக்கு நட்டமில்லை' என்ற அந்தச் சொற்றொடரிலேயே பிரச்சினையின் வேர் இருக்கின்றது. நட்டம் மறைந்துவிடவில்லை. அது இடம் மாறியிருக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பக்கற் 300 ரூபா விலையுள்ள மசாலாத்தூள் என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருள், அரைப்புக் கூலி, பொதி யாவும் போக வணிகருக்கு மிஞ்சுவது விலையில் 25 சதவீதம் எனவும், விற்பவருக்கு அளிக்கும் தரகு 10 சதவீதம் எனவும் கொள்வோம். விற்பனைக்குச் செல்லும் இளைஞர் காலையில் புறப்பட்டு, பஸ் ஏறித் தோட்டப் பிரிவுகளுக்குச் சென்று, லயன் லயனாக ஏறி இறங்கி, மாலைக்குள் 25 பக்கற்றுகளை விற்கின்றார். விற்பனை 7,500 ரூபா. அவருக்குரிய தரகு 750 ரூபா. பஸ் கட்டணத்துக்கும் மதிய உணவுக்கும் 500 ரூபா செலவாகியிருந்தால் வீட்டுக்கு அவர் கொண்டுசெல்வது 250 ரூபா மாத்திரமே. வணிகருக்கோ 1,875 ரூபா மிகுதியிலிருந்து தரகு 750 ரூபா போக 1,125 ரூபா நிற்கின்றது. நல்ல வியாபாரம் என்று அவர் மகிழ்கின்றார்.

இப்போது அதே 25 பக்கற்றுகளை, சட்டம் விதித்துள்ள ஆகக்குறைந்த வேதனத்துக்கு ஒருவரை நியமித்து விற்றதாகக் கொள்வோம். தேசிய ஆகக்குறைந்த வேதனத்தை நிர்ணயித்த 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் தொடக்கத்தில் மாதமொன்றுக்கு 10,000 ரூபாவையும் நாளொன்றுக்கு 400 ரூபாவையும் விதித்தது. பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களால் அத்தொகை படிப்படியாக உயர்ந்து, 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபாவாகவும் நாளுக்கு 1,200 ரூபாவாகவும் ஆகியுள்ளது. இந்த 1,200 ரூபாவுடன் ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் செலுத்த வேண்டிய 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குரிய 3 சதவீதமும் சேர்ந்து 180 ரூபா. பயணத்துக்கும் உணவுக்கும் 500 ரூபா. மொத்தம் 1,880 ரூபா. 25 பக்கற்றுகளில் வணிகருக்கு மிஞ்சும் தொகையோ 1,875 ரூபா. அதாவது 5 ரூபா நட்டம்.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். முதற் கணக்கில் வணிகர் இலாபம் என எண்ணிய 1,125 ரூபா அவருடைய பொருளின் தரத்தாலோ வியாபாரத் திறத்தாலோ வந்ததன்று. அது அந்த இளைஞருக்குக் கொடுபடாத கூலி. நாளொன்றுக்கு 7,500 ரூபா விற்பனை ஒரு மனித உழைப்பைத் தாங்கக்கூடிய விற்பனை அல்ல என்பதே உண்மை நிலை. சம்பளம் கொடுத்திருந்தால் அந்த உண்மை முதல் மாதத்திலேயே வணிகருக்குத் தெரிந்திருக்கும். விலையைத் திருத்தியிருப்பார், செல்லும் பாதையை மாற்றியிருப்பார், அல்லது அப்பொருளையே கைவிட்டிருப்பார். தரகு மட்டும் கொடுத்ததால் உண்மை அவரிடமிருந்து மறைந்துவிட்டது. நட்டம் மற்றொருவரின் சட்டைப்பையில் ஒளிந்துகொண்டது.

அந்த இளைஞர் தரகை மாத்திரம் நம்பி, செலவு போக நாளொன்றுக்கு 1,200 ரூபா பெற வேண்டுமானால் 17,000 ரூபாவுக்கு, அதாவது ஏறத்தாழ 57 பக்கற்றுகள் விற்க வேண்டும். லயன்களில் பொருள் வாங்குவோர் பலர் சம்பளத் தினத்தில் பணம் தருவதாகச் சொல்லியே வாங்குவர். பணம் வசூலான பின்னரே தரகு என்பது நிபந்தனையாயின், அவர் மீண்டும் ஒருமுறை அதே மலையில் ஏற வேண்டும். அதற்குரிய பஸ் கட்டணமும் அவருடையதே. வராத கடன் அவர் தலையிலேயே சுமத்தப்படுமாயின், அவர் விற்பனையாளர் அல்லர், வட்டியின்றிக் கடன் கொடுக்கும் ஏழை முதலீட்டாளர் என்றே கூற வேண்டும்.

தரகு என்பதே தீயதா என்ற வினா இங்கு எழலாம். அன்று. இரத்தினபுரி மாவட்டத்தில் தரகை அறியாதவர் எவர்? மாணிக்கக்கல் வியாபாரமே தரகர்களின் கால்களில் நடக்கின்றது. கல்லின் உரிமையாளரிடமிருந்து கல்லைப் பெற்று, வாங்குவோரைத் தேடிச் சென்று, விலை பேசி முடித்து, விற்ற தொகையில் தமக்குரிய பங்கைப் பெறும் தரகர்களை இரத்தினபுரியின் வீதிகளில் நாள்தோறும் காணலாம். பேருவளை சீனங்கோட்டையின் முஸ்லிம் வணிகர்களுக்கும் சப்ரகமுவையின் குழிகளுக்கும் இடையே நீண்டகாலமாக இருந்துவரும் தொடர்பு இத்தகைய நம்பிக்கையின் மேல் எழுந்ததே. ஆனால் அத்தரகரின் நிலையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் ஒருவருடைய ஆள் அல்லர். பலருடைய கற்களைக் கொண்டு செல்வார். எப்போது வரவேண்டும், எங்கு போகவேண்டும் என்று அவருக்கு எவரும் கட்டளையிடுவதில்லை. வேண்டாத கல்லை அவர் மறுக்கலாம். நல்ல கல்லொன்று விலைபோனால் கிடைக்கும் பங்கு பல வெறுங்கை நாட்களுக்கு ஈடுசெய்யக் கூடியது. அவருடைய முதல் அவருடைய நற்பெயரும் அனுபவமுமாகும். அவர் ஒரு சுதந்திர வணிகர்.

இதே மாவட்டத்தின் மாணிக்கக் குழிகளுக்குள் இறங்கும் தொழிலாளரின் நிலை வேறு. அங்கும் வழக்கமாக நிலையான நாட்கூலி இல்லை. கல் கிடைத்தால் பங்கு. நிலத்துக்குரியவர், முதல் போட்டவர், குழியில் இறங்கியவர்கள் எனப் பங்குகள் பிரிக்கப்படும். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் விற்றால்தான் பணம் என்ற முறையே. ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மாணிக்கப் படிவுள்ள இல்லம் என்னும் சரளை மண்ணை எட்டும்வரை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும் செலவை முதல் போட்டவரே ஏற்பார் என்பதுதான் மரபு. முட்டுக்கொடுக்கும் மரம், நீரிறைக்கும் இயந்திரம், எரிபொருள் என்பவற்றோடு குழியாட்களின் உணவும் கைச்செலவும் அவர் பொறுப்பே. கல் கிடைக்காமற் போனால் தொழிலாளிக்கு உழைப்பு வீணாகும். ஆனால் அதுவரை அவர் வயிறு காயவில்லை. அதிர்ஷ்டத்தைப் பங்கிட்டுக் கொள்ளலாம், அன்றாட உணவைச் சூதில் வைக்கலாகாது என்ற எழுதப்படாத விதி அக்குழிகளில் இருந்து வந்திருக்கின்றது. குழிகளில் குறைகளும் விபத்துகளும் சுரண்டல்களும் இல்லையென நாம் கூறவில்லை. ஆயினும், இந்த ஒரு விதியை அறிந்த ஊரில், மசாலாத்தூள் விற்கச் செல்லும் பிள்ளையிடம் பஸ் கட்டணத்தையும் நீயே போட்டுக்கொள் என்று கூறுவது பின்னோக்கிய பயணமாகும்.

இஸ்லாமிய வணிக நெறியும் இதே இடத்தைத் தொடுகின்றது. ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் இட்டு இலாபத்தைப் பங்கிடும் முளாரபா முறையில், உழைத்தவரின் கவனக்குறைவோ மோசடியோ காரணமாக இல்லாதவிடத்து முதலுக்கு நேரும் நட்டம் முதலுக்குரியவரையே சாரும். உழைத்தவர் இழப்பது தம் உழைப்பை. கூலிக்கு ஆள் அமர்த்தும்போது கூலி இன்னதென முன்கூட்டியே தெளிவாயிருக்க வேண்டும் என்பதும், அதைத் தாமதியாது கொடுக்க வேண்டும் என்பதும் எமது முஸ்லிம் வாசகர்கள் சிறுபராயம் முதல் கேட்டு வளர்ந்த போதனைகளே. பங்காளி என்றால் பங்காளிக்குரிய சுதந்திரத்தைக் கொடுக்க வேண்டும், கூலியாள் என்றால் கூலி கொடுக்க வேண்டும். பங்காளியின் அபாயத்தையும் கூலியாளின் கட்டுப்பாட்டையும் ஒருவர் மேலேயே சுமத்துவது எந்த நெறிக்கும் ஒவ்வாதது.

சட்டமும் ஏறத்தாழ இதையே கேட்கின்றது. நாம் அவரை ஊழியராக நியமிக்கவில்லை, முகவராகவே வைத்திருக்கின்றோம் என்று ஒரு தாளில் எழுதி ஒப்பம் பெற்றுவிட்டால் போதுமென்று சிலர் எண்ணுகின்றனர். நீதிமன்றங்களும் தொழில் நியாய சபைகளும் பெயரை மாத்திரம் பார்ப்பதில்லை, நடைமுறையைப் பார்க்கின்றன. நேரத்தையும் பாதையையும் நிர்ணயிப்பவர் யார்? பிறருடைய பொருளை விற்க அவருக்கு அனுமதியுண்டா? காலையில் வந்து முகங்காட்ட வேண்டுமா? வராத நாளுக்கு விளக்கம் கேட்கப்படுகின்றதா? இக்கேள்விகளுக்குரிய விடைகளே அவர் ஊழியரா, சுதந்திர முகவரா என்பதைத் தீர்மானிக்க உதவுகின்றன. பிரித்தானியாவிலும் 2021 ஆம் ஆண்டில் ஊபர் வாடகைக் கார் சாரதிகள் தொடர்பான வழக்கில், ஒப்பந்தத்தின் வாசகத்தை விட வேலையின் உண்மை இயல்பே முக்கியம் என்ற அடிப்படையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சாரதிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்நாட்டில் தரகை மாத்திரம் பெறும் ஊழியருக்கும் ஆகக்குறைந்த வேதனத்துக்குக் குறையாத தொகை கிடைத்தாக வேண்டும். அமெரிக்காவிலோ 1938 ஆம் ஆண்டின் தொழில் நியமச் சட்டம், வெளியிடங்களுக்குச் சென்று விற்கும் விற்பனையாளரை ஆகக்குறைந்த வேதனப் பாதுகாப்பிலிருந்து விலக்கியுள்ளது. அங்கிருந்து வரும் வியாபார ஆலோசனை நூல்களைப் படித்துவிட்டு அதையே இங்கும் செய்யலாமென எண்ணுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

எமது நாட்டில் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரேயொரு ஊழியரை வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும். நிரந்தர ஊழியர் மாத்திரமன்றி, தற்காலிகமாகவோ துண்டு வேலை அடிப்படையிலோ தரகு அடிப்படையிலோ ஊதியம் பெறும் ஊழியரும் அதனுள் அடங்குவர். ஊழியரின் 8 சதவீதமும் வேலைகொள்வோரின் 12 சதவீதமும் அவர் பெயரில் சேர வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு வேலைகொள்வோர் 3 சதவீதம் செலுத்த வேண்டும். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில் சட்டம் அனுமதிக்காத கழிவுகளைச் சம்பளத்திலிருந்து செய்ய முடியாது. இவற்றைச் செலுத்தாமல் விட்ட வணிகர், சில ஆண்டுகளின் பின்னர் ஒரு முறைப்பாட்டின் பேரில் நிலுவையையும் மேலதிகக் கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்த நேரிடும்போதுதான் இலாபம் என்று எண்ணியது கடன் என்பதை உணர்கின்றார்.

எண்ணிக்கைக்கு மாத்திரம் பணம் என்ற முறை மனிதரை எவ்வாறு மாற்றும் என்பதை மலையக, சப்ரகமுவைத் தமிழர் தம் வரலாற்றிலேயே கண்டவர்கள். தோட்டங்களுக்கு ஆட்களைச் சேர்த்துவந்த கங்காணிக்கு, வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று தலைக்காசு வழங்கப்பட்டது. தலை குறைந்தால் காசு குறையும். ஆகவே நோயுற்றவரையும் எழுப்பிப் பெரட்டுக்கு அனுப்பும் அவசரம் அவருக்கு ஏற்பட்டது. முற்பணமும் கடனும் துண்டு என்னும் சீட்டில் ஏறித் தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் துரத்தின. அத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் யாவரும் கொடியவர்கள் என்பதல்ல எமது வாதம். வருமானம் முழுவதும் எண்ணிக்கையில் தொங்கும்போது, எதிரே நிற்பவர் மனிதராகத் தெரியாமல் எண்ணாகத் தெரியத் தொடங்குவார் என்பதே நாம் பெற வேண்டிய பாடம்.

இன்று அப்பாடம் லயன் வாசலில் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. காலை முதல் ஒன்றும் விற்காத பிரதிநிதி, மாலையில் பஸ் கட்டணத்துக்கேனும் வழிதேட, வேண்டாத பொருளையும் வற்புறுத்தி விற்கின்றார். இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்கின்றார். தவணைக்குக் கொடுக்க முடியாதவருக்கும் தவணைக்குக் கொடுக்கின்றார். வாங்கிய தாய்மார் அடுத்த மாதம் கணவருடன் சச்சரவு செய்கின்றனர். பழி பொருளின் பெயர் மீது விழுகின்றது. பெருநகரத்தில் ஒரு வாடிக்கையாளரை இழந்தால் மற்றொருவர் வருவார். குருவிட்ட போன்ற ஊரிலோ ஒரு தோட்டப் பிரிவில் இழந்த பெயர், அடுத்த பெரட்டு முடிவதற்குள் மறு பிரிவுக்கும் சென்றுவிடும். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆபத்து இன்னும் அதிகம். இன்னும் இரண்டு பக்கற் விற்றால் செலவு தேறும் என்ற எண்ணம் அவர்களை இருட்டிய பின்னும் தனிவழியில் நடக்க வைக்கும்.

இன்னொன்றையும் தொழில் தேடும் இளையோருக்குக் கூற வேண்டும். வேலைக்குச் சேர முன்பணம் கட்டு, பொருட்பொதியை நீயே வாங்கு, புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அதற்கும் கொமிஷன் என்று ஒருவர் கூறுவாராயின் அது விற்பனைத் தொழில் அன்று. ஆட்களைச் சேர்ப்பதனால் வருமானம் தரும் பிரமிட் திட்டங்கள், வங்கிச் சட்டத்துக்கு 2005 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. நேர்மையான வணிகர் விற்பவருக்குப் பொருளைக் கொடுப்பார். விற்பவரையே பொருளாக்க மாட்டார்.

அவ்வாறாயின் சிறு முதலுடைய வணிகர் என்னதான் செய்வது? வழி இல்லாமலில்லை. முதலாவதாக, ஆளைத் தேடுமுன் அவர் தாமே சில வாரங்கள் பொருளுடன் நடந்து பார்க்கட்டும். எந்தத் தோட்டத்தில் எந்த நாளில் எவ்வளவு விற்கும், எவ்வளவு கடன் நிற்கும், திரும்பி வரும் பொருள் எவ்வளவு என்பதை அவரே எழுதி வைத்தால், மற்றொருவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும். தாம் விற்க முடியாத அளவை, முன்பின் அனுபவமற்ற பிள்ளையிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

இரண்டாவதாக, தரகுக்கு ஐந்து பேரை விட்டுப் பார்ப்பதிலும், சம்பளத்துக்கு ஒருவரை வைத்துப் பழக்குவது மேல். தரகை மாத்திரம் நம்பி வருபவர் முதல் வாரத்தில் உறவினருக்கும் அயலவருக்கும் விற்பார். மூன்றாம் வாரத்தில் விற்க ஆளின்றி விலகுவார். அவருடன் அவர் அறிந்த வாடிக்கையாளரும் போய்விடுவர். வணிகர் மீண்டும் அறிவித்தல் ஒட்டுவார். இவ்வாறு ஆண்டு முழுதும் புதியவர்களுக்கே பொருளின் விலையையும் குணத்தையும் கற்பித்துக் கொண்டிருப்பதும் ஒரு செலவே. அது கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, அடிப்படைச் சம்பளமும் அதற்கு மேல் தரகும் என்ற கலப்பு முறை. இது எமது தோட்ட மக்களுக்குப் புதிதன்று. நாட்சம்பளத்துக்கு இத்தனை கிலோ கொழுந்து, அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்ற முறையை அவர்கள் நன்கறிவர். அந்த அளவு நியாயமற்றதாக உயர்த்தப்படும்போதும், குறைந்தால் அரைப்பேர் போடப்படும்போதும் எழும் மனக்கசப்பையும் அறிவர். ஆகவே அளவை நேர்மையாக வைக்க வேண்டும். மேற்கூறிய கணக்கில் 7,500 ரூபா விற்பனைவரை நாட்சம்பளமும் செலவும், அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு 8 சதவீதத் தரகும் எனக் கொள்வோம். ஒருநாள் 40 பக்கற்றுகள், அதாவது 12,000 ரூபாவுக்கு விற்றால் பிரதிநிதிக்கு 1,200 ரூபாவுடன் மேலும் 360 ரூபா சேரும். சேமலாப நிதி உட்பட யாவும் போக வணிகருக்கு ஏறத்தாழ 700 ரூபா மிஞ்சும். தரகு மட்டும் கொடுத்திருந்தால் மிஞ்சக்கூடிய 1,800 ரூபாவிலும் இது குறைவுதான். ஆனால் இது நிலைக்கும் இலாபம். நாளை அதே ஆள், அதே வாடிக்கையாளரிடம், அதே முகத்துடன் செல்வார்.

நான்காவதாக, சம்பளம் கொடுக்க உண்மையாகவே இயலாதெனில், உண்மையான சுதந்திர விற்பனையாளர்களைத் தேட வேண்டும். தோட்டப் பிரிவுகளில் ஏற்கனவே சில்லறைக் கடை வைத்திருப்பவர், வேறு பொருட்களை மோட்டார் சைக்கிளில் கொண்டு சென்று விற்பவர் ஆகியோரிடம் பொருளைக் கொடுத்து, விற்ற பின் கணக்குப் பார்க்கலாம். அவர்களுக்கு வேறு வருமானம் உண்டு, உங்கள் பொருள் அதற்கு மேலதிகம். அவர்களுக்குத் தரகு மாத்திரம் கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் அவர்களுக்குக் கட்டளையிடவும் முடியாது என்பதை வணிகர் ஏற்க வேண்டும்.

எம்முறையானாலும் அது எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் விற்பவர் வாசிக்கக்கூடிய மொழியில். தரகு வீதம் என்ன? கட்டளை பெற்றபோதா, பொருள் கைமாறியபோதா, பணம் வந்தபோதா தரகு உரித்தாகும்? திரும்பிய பொருளுக்கும் வராக் கடனுக்கும் பொறுப்பு யாருடையது? வேலையை விட்டு விலகிய பின், அவர் முயற்சியால் வந்து சேரும் விற்பனைக்குத் தரகு உண்டா? இவற்றுள் கடைசிக் கேள்வி பலராலும் மறக்கப்படுவது. ஐரோப்பிய நாடுகளுக்கான 1986 ஆம் ஆண்டின் வணிக முகவர் பணிப்புரை, முகவரது முயற்சியால் விளைந்த வியாபாரம் அவர் விலகிய பின் நியாயமான காலத்துக்குள் முடிவுற்றால் அதற்கும் தரகு உண்டு என்கின்றது. ஆயுட் காப்புறுதி முகவர்களுக்கும் புதுப்பிக்கப்படும் கட்டுப்பணத்திலிருந்து பங்கு கிடைப்பது வழக்கம். விதைத்தவருக்கு அறுவடையில் ஒரு பிடி உண்டென்பதே இவற்றின் உட்பொருள்.

சிறு வணிகர்கள் வளர வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. தோட்டத்தை விட்டால் கொழும்பு, கொழும்பை விட்டால் மத்திய கிழக்கு என்றிருக்கும் எமது இளையோருக்குச் சொந்த ஊரிலேயே ஒரு தொழிலைத் தரக்கூடியவர்கள் அவர்களே. ஆனால் தொழில் தருவதாகச் சொல்லி நம்பிக்கையை மாத்திரம் தருவது எவரையும் வளர்க்காது. அடுத்த முறை அந்த அறிவித்தலை ஒட்டுமுன், பசை தடவிய கையுடன் ஒரு கணம் நின்று இக்கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி வணிகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். ஒரு நாள் விற்பனை ஒருவருடைய பஸ் கட்டணத்தையும் பகலுணவையும் கூலியையும் தாங்குமாயின், துணிந்து சம்பளம் கொடுத்து ஆளை வையுங்கள். தாங்காதாயின் திருத்த வேண்டியது உங்கள் வியாபாரத்தை. அதன் பற்றாக்குறையைத் தோட்டத்துப் பிள்ளையொன்றின் வெறும் வயிற்றைக் கொண்டு நிரப்ப முயல வேண்டாம்.